முடி போகாத டயர்கள்

கிரேஸிக்கு எதைக் கையில் எடுத்தாலும் தேதி பார்க்கிற வியாதி. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் விபத்து வார்டில் தலை நரைக்கிறவரை நர்ஸாக இருந்தவள். ஊசி மருந்தை எடுத்தால் பேர், அளவு, தேதி மூன்றையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் சிரிஞ்சைத் தொடுவாள். வேலையை விட்டு வந்த பிறகும் அந்த வாய் நிற்கவில்லை. ரொட்டி பாக்கெட், சாம்பார்ப் பொடி, கொசுவத்தி என்று எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் படிப்பாள். சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எடுத்த மாங்காய் ஊறுகாயைத் தூக்கிப் பிடித்து, "இது எப்போ போட்டது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். போட்டவர் ஆயரின் மனைவி, ஆயரம்மா. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவர் கிரேஸி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

இப்படிப்பட்டவள் ஒரு பழைய வேனை வாங்கினால் அதன் டயரை மட்டும் சும்மா விடுவாளா?

அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த டெம்போ டிராவலர் வேன் அது. கிரேஸி அதன் சீட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே கட்டில் போட்டாள். கட்டிலுக்கு அடியில் அலமாரி, மூலையில் கேஸ் அடுப்பு, பின்னால் தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்ன கழிவறை. தெருவில் இருந்தவர்கள் நகரும் பிரியாணிக் கடை வைக்கப் போகிறாள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். ஆம்பூரில் ஒரு வேனுக்குள் அடுப்பு வைத்தால் மனுஷன் வேறு என்னதான் நினைப்பான். துபாயில் இருந்த மகள் கரோலின் போனில், "அம்மா, அப்பாவ வெச்சிக்கினு இந்த வயசுல வேன் ஓட்டப் போறியா? உனக்கு இன்னா ஆச்சு?" என்று கத்தினாள். கிரேஸி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, கத்தி முடிந்ததும், "லைசென்ஸ் வாங்கிட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

எல்லாம் வில்சனுக்காகத்தான்.

வில்சனுக்கு மறதி நோய். ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் கம்பெனியில், பதினெட்டு வயதில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி, ஊறிய தோலின் மேல் மயிரைச் சுரண்டும் வேலையில் தொடங்கியவர். பிறகு சாயம், பிறகு பினிஷிங், கடைசியில் வெளிநாட்டுக்குப் போகும் தோலைத் தரம் பிரிக்கும் பொறுப்பு. அவருடைய கட்டைவிரல் ஒரு தடவை தடவி, "போலாம்" என்றால்தான் தோல் கப்பலேறும். இப்போது அந்த மனுஷர் ஏறிய படியிலேயே ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தார். முதலில் ரிட்டையர் ஆனது மறந்தது. காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கேட்டருகே கம்பெனி வண்டிக்காக நிற்பார். பிறகு தரம் பிரித்த வருஷங்கள் போயின. பினிஷிங் மெஷினைப் பற்றியே பேசினார். புதியது முதலில் போகும், பழையது கடைசியில் போகும் என்று டாக்டர் சொன்னது கிரேஸிக்குத் தெரியாத சங்கதி இல்லை. தெரிந்து என்ன செய்ய.

வில்சன் வேலையிலிருந்த காலமெல்லாம் லீவு போட்டதே கிடையாது. ஒவ்வொரு மே மாதமும் கிரேஸி கடலுக்குப் போகலாம், கன்னியாகுமரிக்குப் போகலாம் என்பாள். "இந்த ஷிப்மெண்ட் போவட்டும் கிரேஸி" என்பார் அவர். ஷிப்மெண்ட் போகும். அடுத்த ஷிப்மெண்ட் வந்து நிற்கும். அவள் சண்டை போட்டாள், பேசாமல் இருந்து பார்த்தாள், கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டாள். இப்போது ஷிப்மெண்ட் இல்லை. ஆனால் அவரைப் புது இடத்தில் படுக்க வைக்க முடியவில்லை. ஏலகிரியில் ஒரு லாட்ஜில் தங்கிப் பார்த்தார்கள். விழித்தவர் கதவு எது சுவர் எது என்று தெரியாமல், இரண்டு கையாலும் சுவரை அடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அங்கேதான் அவளுக்கு யோசனை வந்தது. ஊர் மாறலாம், அறை மாறக் கூடாது. அதே கட்டில், அதே தலையணை, எழுந்தால் கைக்கு எட்டுகிற அதே கைப்பிடி. வெளியே மட்டும் கடல் வந்து நிற்கட்டும்.

காலையில் கண் திறந்ததும் வில்சன், "கிரேஸி, டீ ஆச்சா?" என்று கேட்பார். எது மறந்தாலும் அது மறக்கவில்லை. அவளுக்கு அதுதான் நாடி பார்க்கிற மாதிரி. அந்தக் குரல் இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். கன்னியாகுமரிக் கரையில் உட்கார்ந்து அவர் ஒரே ஒரு தடவை, "கிரேஸி, கடல பாத்தியா" என்று சொல்ல வேண்டும். அவளைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் அவள் ஆண்டவரிடம் எதையும் கேட்கவில்லை.

வேனில் கட்டில் ஏறிய பிறகுதான் டயருக்கு வந்தாள். வாங்கும்போது வில்சன்தான் டயரைப் பாஸ் செய்தார். கட்டைவிரலால் தடவி, "வெண்ணெ மாதிரி இருக்கு, போலாம்" என்றார். பளபளவென்று கறுப்பு. பள்ளங்கள் ஆழமாகத்தான் இருந்தன. கிரேஸி துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்தாள். துணியில் கறுப்பு மை ஒட்டியது, அடியில் பக்கச் சுவரெல்லாம் பொடிப் பொடியாக வெடிப்பு. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து மருந்துப் புட்டியைப் படிப்பது போல டயரைப் படித்தாள். தயாரித்த வாரமும் வருஷமும் நாலு இலக்கமாக டயரிலேயே இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டாள். கரோலின் மேல்படிப்புக்குப் போன வருஷத்து டயர். கரோலினுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அது போதாதென்று, எவனோ வேனுக்குக் கார் டயரை மாட்டி விற்றிருக்கிறான். டிரைவர் கதவை ஒட்டிய தகட்டில் வேனுக்கு எந்த டயர், எவ்வளவு காற்று என்று எழுதியிருந்தது. இங்கே மாட்டியிருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒவ்வொரு டயரிலும் அது எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கு ஓர் எண் உண்டு. இதில் தொண்ணூற்றைந்து. அப்படியென்றால் அறுநூற்றுத் தொண்ணூறு கிலோ. அது போதுமா போதாதா என்று தெரிய வேண்டுமானால் வேனின் எடை தெரிய வேண்டும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, சிலிண்டரை ஏற்றி, அரிசி பருப்பு துணிமணி எல்லாம் வைத்து, வில்சனையும் உட்கார வைத்துக்கொண்டு, பச்சைத் தோல் லாரிகள் எடை போடுகிற வே பிரிட்ஜுக்கு மெதுவாக ஓட்டிப் போனாள்.

உப்புத் தோல் வாடையில் வில்சன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் களை வந்துவிட்டது.

"ஆளுங்க எறங்குங்கம்மா, வண்டிய மட்டும்தான் போடணும்" என்றான் எடை போடுகிறவன்.

"நாங்களும் லோடுதாம்பா. எங்களையும் சேத்துப் போடு."

முதலில் முழு வண்டி, பிறகு பின்சக்கரங்கள் மட்டும் மேடை மேல். எண் வருவதற்குள் வில்சன் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "உப்பு எவ்ளோ கழிச்சே? உப்ப உதறாம எடை போட்டா கம்பெனிக்கு நஷ்டம்."

அவன் ஒரு கணம் முழித்தான். நல்ல பிள்ளை, சிரிக்கவில்லை. "கழிச்சாச்சு சார்" என்றான்.

பின்னால் ஒவ்வொரு டயரின் தலையிலும் எழுநூற்று நாற்பது கிலோ உட்கார்ந்திருந்தது. தாங்குவது அறுநூற்றுத் தொண்ணூறு. அதுவும் வயதான, வெடித்த, மை பூசிய டயர். சோளிங்கர் மலைக்குப் போய்த் திரும்பும் வழியில் டயர் வெடித்துக் கவிழ்ந்த ஒரு வேனின் ஆட்களை வார்டுக்குக் கொண்டுவந்த காலை கிரேஸிக்கு ஞாபகம் வந்தது. மஞ்சள் வேட்டியைக் கத்தரியால் வெட்டி எடுத்தது அவள்தான். வெளியே நின்ற சொந்தக்காரர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "நல்ல டயர்தான் சிஸ்டர் இருந்துச்சு. பாக்க நல்லாத்தான் சிஸ்டர் இருந்துச்சு."

வேலூர் பைபாஸில் முனிரத்தினத்தின் டயர் கடை. கிரேஸிக்கு நெடுநாள் பழக்கம். அவருடைய காலில் கம்பி வைத்தபோது பார்த்துக்கொண்டவள் அவள்தான். அவர் வண்டியைச் சுற்றி வந்தார்.

"இதுக்கு இன்னா சிஸ்டர் இவ்ளோ பேஜாரு? கார் டயர் புதுசு இருக்கு. இப்பவே மாட்டி உட்றேன். சாயங்காலமே நீங்க கெளம்பலாம்."

"அது எவ்ளோ தாங்கும்ணா?"

"தாங்கும் சிஸ்டர். எல்லாரும் மாட்டிக்கினு ஓடறாங்க."

"எல்லாரும் ஓடறாங்க. ஓடினவங்கள்ள சில பேர் எங்க வார்டுக்கு வந்தாங்க." தகட்டில் இருந்ததை எழுதிவந்த உள்ளங்கையை அவள் நீட்டினாள். "எனக்கு நூத்தி ஆறு போட்டது வேணும். ஒரு டயர் தொள்ளாயிரத்து அம்பது கிலோ தாங்கும். கார் டயர் இல்ல, லோடு வண்டி டயர். இந்த வருஷம் செஞ்சதா இருக்கணும். ஸ்டெப்னியோட சேத்து அஞ்சும் ஒரே மாதிரி."

முனிரத்தினம் தாடையைச் சொறிந்தார். "பழைய சைஸு. கடையில கெடையாது. சொல்லி வரவழைக்கணும். கொஞ்சம் லேட் ஆவும்."

வில்சன் வேனுக்குள்ளிருந்து, "கிரேஸி, இன்னும் எவ்ளோ நேரம்?" என்று கூப்பிட்டார்.

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. மாட்டு, கிளம்பலாம் என்று சொல்லிவிடலாம். நாளை மறுநாள் கடல். ஆனால் அந்தக் குரலைத்தானே அந்த டயர் மேல் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். "வரவழைங்கண்ணா" என்றாள்.

முதல் தடவை வந்த டயர்களை அவள் திருப்பி அனுப்பினாள். ஐந்தில் இரண்டு டயர்கள் குடோனில் மூன்று வருஷம் தூங்கியவை. ஒன்றில் எண்ணும் குறைவு. முனிரத்தினத்துக்கு அழுகை வராத குறை. "சிஸ்டர், கொழந்தைக்குப் பேர் வெக்கிறப்போகூட எங்க வீட்டுல இவ்ளோ பாக்கல. நீங்க டயருக்கு ஜாதகம் பாக்கறீங்க" என்றார். அவள் அசையவில்லை. பிறகு ஆயுத பூஜை வந்து லாரிகள் மாலை போட்டுக்கொண்டு நின்றன. பிறகு மழை. அரக்கோணத்துப் பக்கம் பாலத்தில் தண்ணீர் என்றார்கள். பிறகு தீபாவளி.

ஒரு காலை வில்சன் கண் திறந்து, "டீ ஆச்சா?" என்றார்.

கிரேஸி அடுப்படியில் நின்றுவிட்டாள். தூக்கக் கலக்கம், வேறொன்றுமில்லை என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு டீயைக் கொடுத்தாள். அடுத்த நாளும் "டீ ஆச்சா?"தான். பெயர் கழன்று விழுந்துவிட்டது. பல்லில் ஒன்று விழுந்தால் நாக்கு அந்த இடத்துக்கே போய்க்கொண்டிருக்குமே, அப்படி அவள் நாளெல்லாம் அந்த இடத்துக்கே போய் வந்தாள். ஒரு மத்தியானம் தானாகவே, "கிரேஸி, மழை வருது, துணிய எடு" என்றார் வில்சன். மழையில் நனைந்துகொண்டே துணி எடுத்தவள் சிரித்தாள், அழுதாள், ஓடிப் போய் முனிரத்தினத்துக்குப் போன் போட்டாள். மணி அடிக்கும்போதே என்ன சொல்ல வேண்டும் என்று வாயில் இருந்தது: எது இருக்கோ அதை மாட்டுங்கண்ணா. அவர் எடுத்து, "சிஸ்டர்?" என்றபோது அவள், "சீக்கிரம் வரச் சொல்லுங்கண்ணா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அவள் செய்தது சரிதான். இன்னொரு தடவை கேட்டாலும் அதைத்தான் செய்வாள். சரியாகச் செய்தால் நெஞ்சு வலிக்காது என்று யார் சொன்னது?

டயர்கள் ஒருவழியாக வந்தன. கிரேஸி ஒவ்வொன்றையும் குனிந்து படித்தாள். நூற்றாறு. ஐந்திலும் நூற்றாறு. இந்த வருஷத்துத் தேதி. முனிரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு பரீட்சை எழுதிய பையன் மாதிரி நின்றார். "பாஸா சிஸ்டர்?" "பாஸ்ணா." அவர் மேலே பார்த்துக் கும்பிட்டார்.

புது டயரைப் பார்த்திருப்பீர்கள். அச்சிலிருந்து வந்த வேகத்தில் அதன் மேலெல்லாம் ரப்பர் மயிர் பொடிப் பொடியாக நீட்டிக்கொண்டிருக்கும். ஓட ஓடத் தானாக உதிர்ந்துவிடும். வில்சன் வேனிலிருந்து இறங்கி, மாட்டி முடித்த டயர் அருகே குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் தடவினார். முகத்தைச் சுளித்தார்.

"முடி போவலையே. சுண்ணாம்பு பத்தல. இன்னும் ரெண்டு நாள் ஊறணும் இது."

முனிரத்தினம் விழுந்து விழுந்து சிரித்தார். "சார், டயரை சுண்ணாம்புல போட்டா நான் கடைய மூட வேண்டியதுதான்!" கிரேஸியும் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். எதை எடுத்தாலும் தேதி பார்க்கிறவள், வில்சன் சொன்ன அந்தப் பேச்சு எந்த வருஷத்துப் பேச்சு என்று மட்டும் பார்க்கத் தவறிவிட்டாள்.

சுண்ணாம்புக் குழியில் வில்சன் இருந்தது கல்யாணத்துக்கு முன்னால். அரக்கோணத்தில் கிரேஸியின் வீட்டுக்கு ஒரு வேன் நிறைய ஆட்களோடு அவர் பெண் பார்க்க வந்தது அங்கிருந்துதான். வந்த மாப்பிள்ளை டீயைத் தொடவே இல்லை. இரண்டு கையையும் மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தார். திமிர் பிடித்தவன் என்று அவள் மாமா முணுமுணுத்தார். பச்சைத் தோல் வாடை போகாத கையை நர்ஸ் பெண் முன்னால் எப்படி நீட்டுவது என்று தவித்தவர் அவர் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று கிரேஸிதான் தைரியமாக, "கைய எடுங்க, டீ ஆறுது" என்றாள். அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறாள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு. காற்று சரி, நட்டுகள் சரி, ஸ்டெப்னி சரி. வீட்டில் கத்தி, கத்தரிக்கோல், பிளேடு எல்லாவற்றையும் பூட்டி வைத்துப் பழகியவள், வேனின் அடுப்பு மேசை இழுப்பறையில் காய் நறுக்க ஒரு புதுக் கத்தியைப் போட்டு வைத்தாள். பூட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம். வழிக்கு வேண்டிய மாத்திரைகளை வாங்க மெடிக்கலுக்குப் போகும்போது பக்கத்து வீட்டு நசீமுன்னிசாவை, "கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று உட்கார வைத்துவிட்டுப் போனாள். ஒரே மருந்துக்கு மூன்று கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. முதல் இரண்டிலும் அவள் தேதி பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது நசீமுன்னிசா கேட்டருகே நாற்காலி போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "சார் இன்னைக்கி பூ மாதிரி இருக்காரும்மா. அழுவல, கத்தல. வண்டிய தொடச்சிக்கினு இருக்காரு."

வில்சன் பின்சக்கரத்தின் அருகே தாழ்ந்த மனைப்பலகையில் கால் அகட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் நனைத்த கோணி. பக்கத்தில் வாளித் தண்ணீர். தரையெல்லாம் கறுப்புச் சீவல். இரண்டு கையாலும் கத்தியைப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒரே சீராக இழுத்துக்கொண்டிருந்தார். நாலு டயரிலும் ஒரு மயிர் மிச்சமில்லை. மயிரோடு நிற்கவில்லை. மேடாக இருந்த எழுத்துகளையும் குறை என்று நினைத்துச் சீவி எடுத்துவிட்டிருந்தார். நூற்றாறு இருந்த இடம் வழவழவென்று இருந்தது. கத்தி இன்னும் ஆழமாகப் போன இடங்களில் ரப்பர் பிளந்து உள்ளே வெள்ளை நூல் தெரிந்தது.

கிரேஸி விரலை அந்தப் பிளவில் வைத்துப் பார்த்தாள். புண்ணின் ஆழம் பார்க்கிற விரல் அது. பக்கச் சுவரில் விழுந்த வெட்டை ஒட்ட முடியாது, தைக்க முடியாது. ஒன்று என்றால் ஸ்டெப்னி இருக்கிறது. அடுத்த டயரைப் பார்த்தாள். அடுத்ததை. மாத்திரைப் பை கையிலிருந்து நழுவியது.

"இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க! ஐயோ, இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க!"

கத்தினாள். இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து அப்படிக் கத்தியதில்லை. நசீமுன்னிசா வெங்காயத் தட்டோடு எழுந்து நின்றுவிட்டாள். வில்சன் திடுக்கிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். எழுந்து, மடியில் இருந்த கோணியை ஓரமாக வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"திட்டாதீங்கக்கா" என்றார்.

'அக்கா' என்கிறார். 'நீங்க' என்கிறார்.

"மேஸ்திரி குடுத்த தோல் லாட்டுக்கா இது. சரியா ஊறல, அதான் முடி போவல. நான்தான் ஒக்காந்து எடுத்துட்டேன். இன்னைக்கே முடிச்சாவணும். நாளைக்கி லீவு கேட்டிருக்கேன்."

லீவா. இந்த மனுஷன் லீவு கேட்டிருக்கிறாரா. கிரேஸி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மனைப்பலகையில் மெல்ல உட்கார்ந்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எதுக்கு லீவு?" என்று கேட்டாள்.

வில்சன் தரையைப் பார்த்தார். அறுபது தாண்டிய முகத்தில் வெட்கம் வந்தது. "அரக்கோணம் போறோம். பொண்ணு பாக்க. வேன் பேசியிருக்காங்க."

"பொண்ணு இன்னா பண்ணுது?"

"நர்ஸு படிச்சிருக்காம். போட்டோதான் பாத்தேன்."

"பேரு?"

அவர் யோசிக்கவே இல்லை. "கிரேஸி" என்றார்.

மழைக்காலம் முழுவதும் ஒவ்வொரு காலையும் அடுப்படியில் நின்று அவள் காத்திருந்த பெயர். இதோ, தேன் மாதிரி வந்துவிட்டது. ஆனால் அது அவளைக் கூப்பிடவில்லை. அரக்கோணத்தில் ஒரு வீட்டில், டீத் தட்டோடு வரப்போகும் ஒரு பெண்ணைச் சொல்கிறது. அந்தப் பெண்ணின் மேல் கிரேஸிக்குப் பொறாமை பொங்கியது. அவளுக்கு எல்லாம் இனிமேல்தான்.

"அந்தப் பொண்ணு ஒத்துக்குமான்னு தெரியல" என்றார் வில்சன். "கை வாடை அடிக்குதுக்கா. எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சிப் பாத்துட்டேன், போவல. எப்படி டீ எடுத்துக் குடிக்கிறதுன்னே பயமா இருக்கு."

"கைய காட்டுங்க."

அவர் தயங்கினார். அவள் எழுந்து, பின்னால் இருந்த அந்தக் கைகளைப் பிடித்து முன்னால் இழுத்தாள். நனைந்து, கறுத்து, ஒரு விரலில் சின்ன வெட்டோடு இருந்தன. இரண்டையும் சேர்த்து முகத்தில் வைத்துக்கொண்டாள். ரப்பர் வாடை. கண்ணீர் அவர் கை முழுக்க வழிந்தது. அவர் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார்.

"வாடை இல்ல" என்றாள்.

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

"அப்போ ஒத்துக்கும்ங்கறீங்க?"

"ஒத்துக்கும்."

வில்சன் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு நல்லது சொன்ன அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். வேனைத் திரும்பிப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் வேனைப் பார்த்தார். பிறகு மனசு கேட்காமல், மெதுவாகச் சொன்னார்.

"உங்களையும் கூட்டினு போவலாம்தான்க்கா. ஆனா எங்க ஆளுங்களே நெறைய. வேன்ல லோடு ஜாஸ்தியாய்டும்."

"பரவால்லப்பா" என்றாள் கிரேஸி. "நீ பத்திரமா போய்ட்டு வா."